இராகேலின் அழுகையும் மத்தேயுவின் ஒரு சொல்லும்

(மாசில்லாக் குழந்தைகள் விழாவையொட்டி வானொலியில் வழங்கப்பட்ட மறையுரை. பங்கு மக்களின் வாசிப்புக்காக இங்கே எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



மறைக்கல்வி கற்பிக்கும் சகோதரி ஒருவர் நமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். மத்தேயு நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகளுக்குக் கற்பித்துக்கொண்டிருந்தாராம். திருக்குடும்பம் எகிப்துக்குத் தப்பிச் சென்றதைச் சொல்லும் இடத்தில், எகிப்திலிருந்து தம் மகனை ஆண்டவர் அழைத்ததாக இறைவாக்கினர் உரைத்தது நிறைவேறியது என்று மத்தேயு எழுதுகிறார். அந்த வாக்கு எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவன் கேட்க, இவரும் அடிக்குறிப்பைப் பார்த்து ஓசேயா 11ஆம் அதிகாரத்தைத் திறந்திருக்கிறார். "சுவாமி, அங்கே மெசியாவைப் பற்றி ஒன்றுமே இல்லையே! இஸ்ரயேல் மக்கள் எகிப்திலிருந்து வந்த பழைய கதைதானே இருக்கிறது? வரப்போவதைப் பற்றிச் சொல்லாத ஒன்று எப்படி நிறைவேற முடியும்? பையனுக்கு என்ன பதில் சொல்வது?" என்று கேட்டிருந்தார்.

நல்ல கேள்வி. அந்தச் சகோதரி அடிக்குறிப்போடு நிற்காமல் பழைய ஏற்பாட்டைத் திறந்து பார்த்தாரே, அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். முதல் கிறிஸ்தவர்கள் யூதர்களின் மறைநூலை எப்படி வாசித்தார்கள், அதை எப்படித் திரும்பச் சொன்னார்கள் என்பது இந்தக் கேள்வியில் அடங்கியிருக்கிறது. இன்று நாம் கொண்டாடும் மாசில்லாக் குழந்தைகள் விழாவின் பொருளும் அதில்தான் இருக்கிறது.

ஓசேயா என்ன சொன்னார்?

ஓசேயா கி.மு. 8ஆம் நூற்றாண்டில் வடநாடான இஸ்ரயேலில் இறைவாக்கு உரைத்தவர். 11ஆம் அதிகாரத்தில் கடவுள் ஒரு தந்தையைப் போலப் பேசுகிறார். இஸ்ரயேல் குழந்தையாக இருந்தபோது தாம் அவன்மீது அன்பு கொண்டதையும், எகிப்திலிருந்து தம் மகனை அழைத்ததையும் நினைவுகூர்கிறார். ஆனால் அழைக்க அழைக்க அந்த மகன் விலகிப் போனான். பாகால் தெய்வங்களுக்குப் பலியிட்டான். நடை பழக்கியதும் கையில் ஏந்தியதும் நானல்லவா என்று தந்தையின் மனம் நோகிறது. தண்டிக்க வேண்டிய நேரத்திலும், எப்ராயிமே, உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று அந்த மனம் தடுமாறுகிறது.

ஆகவே சகோதரி சொன்னது சரி. இது வருங்காலத்தைக் கணித்துச் சொன்ன வாக்கு அன்று. ஒரு தந்தையின் நினைவு. இஸ்ரயேலைத் தம் தலைப்பேறான மகன் என்று கடவுள் விடுதலைப் பயண நூலிலேயே (4:22) அழைக்கிறார். அந்த மகனுடைய கதைதான் ஓசேயாவிலும் தொடர்கிறது.

மத்தேயு இதை அறியாதவரா? நன்றாக அறிந்தவர். ஓசேயாவின் இந்த வரியில், அக்காலத்தில் வழங்கிய கிரேக்க மொழிபெயர்ப்பு "மகன்" என்று சொல்லாமல் "பிள்ளைகள்" என்று பன்மையில் சொல்கிறது. மத்தேயு கிரேக்கத்தில் எழுதினாலும் எபிரேய மூலத்தில் உள்ளபடி "மகன்" என்றே தருகிறார். அவ்வளவு கவனமாக வாசித்தவருக்கு அடுத்த வரிகளில் என்ன இருக்கிறது என்பது தெரியாமல் இருந்திருக்காது.

அப்படியானால் "நிறைவேறியது" என்று ஏன் எழுதினார்? அவர் பயன்படுத்தும் கிரேக்க வினைச்சொல்லுக்கு "நிரம்புதல்" என்றும் பொருள் உண்டு. கடலில் வீசிய வலையைப் பற்றிய உவமை உங்களுக்குத் தெரியும். வலை நிரம்பியதும் அதைக் கரைக்கு இழுத்தார்கள் என்று மத்தேயு 13:48 சொல்லும் இடத்தில் வருவதும் அதே வினைச்சொல்தான். முன்பு சொன்ன ஒன்று பின்பு அப்படியே நடந்துவிட்டது என்பது மட்டும் நிறைவேறுதல் அன்று. முன்பே தொடங்கிய ஒன்று முழுமையாக நிரம்புவதும் நிறைவேறுதல்தான். எகிப்திலிருந்து அழைக்கப்பட்ட முதல் மகன் வழிதவறினான். இப்போது இன்னொரு மகன் அதே பாதையில் வருகிறார். எகிப்துக்குப் போகிறார், அங்கிருந்து அழைக்கப்படுகிறார், யோர்தான் நீரில் இறங்குகிறார், பாலைநிலத்தில் சோதிக்கப்படுகிறார். முதல் மகன் பாலைநிலத்தில் நாற்பது ஆண்டுகள் தடுமாறினான். இவரோ நாற்பது நாள் உறுதியாக நிற்கிறார். தம் மக்களின் கதையை இயேசு தம் வாழ்விலேயே மீண்டும் வாழ்ந்து நிறைவாக்குகிறார். மத்தேயு சொல்ல விரும்புவது இதுதான்.

பழைய கதையின் எதிரொலி

இந்தக் கண்ணோடு 2ஆம் அதிகாரத்தை வாசித்தால் பழைய ஏற்பாடு வரிக்கு வரி ஒலிப்பதைக் கேட்கலாம். குழந்தைகளைக் கொல்லச் சொன்ன பார்வோனின் இடத்தில் ஏரோது நிற்கிறான். மோசே எகிப்திலிருந்து தப்பி ஓடினார். குழந்தை இயேசுவை எகிப்துக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். பின்னர் மிதியானில் இருந்த மோசேயிடம், அவர் உயிரைத் தேடியவர்கள் எல்லாரும் இறந்துபோனார்கள், திரும்பிப் போகலாம் என்று ஆண்டவர் சொல்கிறார் (விடுதலைப் பயணம் 4:19). ஏரோது இறந்த பிறகு வானதூதர் யோசேப்பிடம் சொல்வதும் ஏறக்குறைய அதே சொற்கள்தாம். இறந்தவன் ஏரோது ஒருவன். ஆனாலும் குழந்தையின் உயிரைத் தேடியவர்கள் இறந்துபோனார்கள் என்று பன்மையில்தான் மத்தேயு எழுதுகிறார். மோசேயின் கதையை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே அந்தப் பன்மையை அப்படியே வைத்திருக்கிறார்.

இன்னொன்றைத் தமிழ்க் கத்தோலிக்கரான நாம் எளிதில் தவறவிட்டுவிடுவோம். இயேசுவின் வளர்ப்புத் தந்தையைச் சூசையப்பர் என்று அழைத்துப் பழகியவர்கள் நாம். தொடக்க நூலில் வருபவரையோ யோசேப்பு என்கிறோம். இரண்டும் ஒரே பெயர். தொடக்க நூலின் யோசேப்பு யாக்கோபின் மகன், கனவு காண்கிறவர், எகிப்துக்குப் போனவர், பஞ்சத்தில் தம் குடும்பத்தை உயிரோடு காத்தவர். மத்தேயு தரும் தலைமுறைப் பட்டியலில் சூசையப்பரின் தந்தை பெயரும் யாக்கோபு (1:16). இவரும் கனவில் செய்தி பெறுகிறார். இவரும் எகிப்துக்குப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றுகிறார். மத்தேயுவின் முதல் வாசகர்களில் யூத மறைநூல் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த ஒப்புமை உடனே விளங்கியிருக்கும்.

இப்படித் திரும்பச் சொல்வது கிறிஸ்தவர்கள் புதிதாகக் கண்டுபிடித்த முறை அன்று, யூதர்களிடமிருந்து கற்றது. கி.பி. 93 அல்லது 94இல் தம் நூலை முடித்த யூத வரலாற்றாசிரியர் ஜோசஃபஸ், மோசேயின் பிறப்பைச் சொல்லும்போது விடுதலைப் பயண நூலில் இல்லாத செய்திகளைச் சேர்க்கிறார். இஸ்ரயேலரிடையே ஒரு குழந்தை பிறந்து எகிப்தின் ஆட்சியைத் தாழ்த்தும் என்று எகிப்தின் சமய அறிஞர் ஒருவர் முன்னுரைத்ததால் மன்னன் அஞ்சினான் என்கிறார். மோசேயின் தந்தைக்குக் கடவுள் கனவில் தோன்றினார் என்கிறார். சாக்கடல் அருகே கும்ரானில் 1947 முதல் கண்டெடுக்கப்பட்ட சுருள்களில், இறைவாக்கினர் அபக்கூக்கின் வரிகளைத் தங்கள் காலத்து நிகழ்ச்சிகளோடு பொருத்தி விளக்கும் நூல் ஒன்று இருக்கிறது. பாஸ்கா இரவில் யூதக் குடும்பங்கள் மேசையைச் சுற்றி அமர்ந்து விடுதலைக் கதையைச் சொல்லும்போது, ஒவ்வொரு தலைமுறையினரும் தாமே எகிப்திலிருந்து வெளியேறியதாக எண்ண வேண்டும் என்பது இன்றும் அவர்களுடைய மரபு. மறைநூல் முடிந்துபோன கதை அல்ல என்ற நம்பிக்கையிலிருந்து வருவது இது. மத்தேயுவும் அந்த வீட்டுப் பிள்ளைதான்.

இராமாவில் கேட்ட குரல்

இப்போது நம் விழாவுக்கு வருவோம். பெத்லகேமில் இரண்டு வயதும் அதற்குட்பட்டதுமான ஆண் குழந்தைகளை ஏரோது கொல்கிறான். அங்கே மத்தேயு எரேமியா 31:15ஐ நினைவுகூர்கிறார். இராமாவில் ஓர் அழுகுரல். இராகேல் தன் பிள்ளைகளுக்காக அழுகிறாள். அவர்கள் இல்லாமல் போனதால் ஆறுதல் பெற மறுக்கிறாள்.

இராகேல் யாக்கோபின் அன்பு மனைவி. வழிப் பயணத்தில் பென்யமினைப் பெற்றெடுத்து, பேறுகால வேதனையில் இறந்துபோனவள். உயிர் பிரியும் நேரத்தில் குழந்தைக்குத் "துயரத்தின் மகன்" என்று பொருள்படப் பெயரிட்டாள். பெத்லகேம் செல்லும் வழியில் அவளை அடக்கம் செய்தார்கள் என்கிறது தொடக்க நூல் (35:19). பென்யமின் நாட்டு எல்லையில் அவள் கல்லறை இருந்ததாக 1 சாமுவேல் 10:2 சொல்கிறது. இராமா அந்தப் பென்யமின் பகுதியில், எருசலேமுக்கு வடக்கே சுமார் எட்டு கிலோமீட்டர் தூரத்தில் உள்ள ஊர். பெத்லகேமோ எருசலேமுக்குத் தெற்கே இருக்கிறது.

இராமாவில் ஏன் அழுகுரல்? பாபிலோனியர் எருசலேமை அழித்தபோது, நாடு கடத்தப்பட வேண்டிய கைதிகளை விலங்கிட்டு இராமாவுக்குக் கொண்டுவந்தார்கள். எரேமியாவும் அந்தக் கைதிகளில் ஒருவராக விலங்கோடு அங்கே இருந்தார் (எரேமியா 40:1). எப்போதோ இறந்துபோன தாய் இராகேல், தன் வழிமரபினர் நாடு இழந்து போவதைக் கண்டு அழுவதாக அவருடைய நூல் காட்டுகிறது. அந்த அழுகையை மத்தேயு பெத்லகேமுக்குக் கொண்டுவருகிறார். பேறுகாலத்தில் இறந்த ஒரு தாய், நாடு கடத்தப்பட்ட ஒரு மக்கள், அரசன் அனுப்பிய ஆட்களால் கொல்லப்பட்ட குழந்தைகள் என மூன்று காலத்துக் கண்ணீரும் ஒரே குரலில் கேட்கின்றன.

மத்தேயு மாற்றிய ஒரு சொல்

இந்த இடத்தில் மத்தேயு செய்த ஒரு சிறு மாற்றத்தை விவிலிய அறிஞர் பலர் கவனித்திருக்கிறார்கள். மொழிபெயர்ப்பில் அது எளிதில் கண்ணில் படாது. கிரேக்க மூலத்தில் தெளிவாக இருக்கிறது.

இறைவாக்கு நிறைவேறியதைச் சொல்லும்போது மத்தேயு வழக்கமாக "நிறைவேறும்படியாக" இது நடந்தது என்று எழுதுவார். கன்னி கருவுறுதல், எகிப்திலிருந்து அழைக்கப்படுதல், கலிலேயாவில் ஒளி உதித்தல், கழுதையின்மேல் அமர்ந்து எருசலேமுக்குள் நுழைதல் போன்ற இடங்களில் எல்லாம் கடவுளின் நோக்கம் இருந்தது என்பதை அந்தச் சொல் காட்டுகிறது. ஆனால் இரண்டே இடங்களில் அந்தச் சொல்லை விட்டுவிட்டு, "அப்போது நிறைவேறியது" என்று மட்டும் எழுதுகிறார். ஒன்று, யூதாசு பெற்ற முப்பது வெள்ளிக் காசைக் கொண்டு குயவன் நிலத்தை வாங்கிய இடம் (27:9). மற்றொன்று, பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்பட்ட இடம் (2:17).

காரணம் புரிகிறதல்லவா? மறைநூல் நிறைவேற வேண்டும் என்பதற்காகக் கடவுள் அந்தக் குழந்தைகளைக் கொல்ல விட்டார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அவர்களைக் கொன்றது ஏரோதின் அச்சமும் பதவி ஆசையும். காட்டிக்கொடுத்தது மனிதனின் பேராசை. இவற்றைக் கடவுளின் திட்டத்தில் எழுத மத்தேயுவின் எழுதுகோல் ஒப்பவில்லை. அதே வேளையில், அந்த அழுகையை மறைநூலுக்கு வெளியே விட்டுவிடவும் அவருக்கு மனம் வரவில்லை. எரேமியாவின் சொற்களை எடுத்து, அந்தத் தாய்மாருக்கும் இறைவார்த்தையில் ஓர் இடம் கொடுத்தார்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் நமக்கு மறக்காது. அன்று ஞாயிறு, திருக்குடும்ப விழா. முதலாம் ஆண்டு வாசக வரிசைப்படி அன்றைய நற்செய்தி, எகிப்துக்குத் தப்பிச் செல்லும் இந்தப் பகுதிதான். ஆனால் அந்த வாசகம் 15ஆம் வசனத்தோடு நின்று, 19ஆம் வசனத்திலிருந்து தொடரும். இடையில் உள்ள மூன்று வசனங்கள், குழந்தைகளின் சாவும் இராகேலின் அழுகையும், அன்றைய வாசகத்தில் இல்லை. அந்தக் காலையில்தான் நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, கன்னியாகுமரி, கடலூர் கரைகளிலும் இலங்கையின் கரைகளிலும் கடல் ஊருக்குள் புகுந்தது. இரண்டு நாள் கழித்து, டிசம்பர் 28 அன்று, மாசில்லாக் குழந்தைகள் விழாவில் அந்த மூன்று வசனங்களும் வாசிக்கப்பட்டன. அதற்குள் எத்தனையோ தாய்மார் மணலில் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். அது மனிதர் செய்த கொலை அல்ல என்பது உண்மை. ஆனாலும் ஆறுதல் பெற மறுத்த அழுகை அதேதான்.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்குப் போகும்போது நாம் நல்ல மனத்தோடு சில சொற்களைச் சொல்லிவிடுகிறோம். "கடவுள் ஆசைப்பட்டு எடுத்துக்கொண்டார்." "எல்லாம் அவர் சித்தம்." "அழாதே, அழுதால் ஆண்டவருக்கு வருத்தம்." மத்தேயு இப்படி எதுவும் சொல்லவில்லை. இராகேல் ஆறுதல் பெற மறுத்தாள் என்ற வரியை அவர் வெட்டவில்லை, திருத்தவில்லை. அதற்குப் பக்கத்தில் ஓர் அறிவுரையையும் எழுதவில்லை. அழுகிறவள் அழட்டும் என்று அவள் அருகில் நிற்கிறார்.

நம்பிக்கை எங்கே?

அப்படியானால் நம்பிக்கைக்கே இடமில்லையா? இருக்கிறது. எரேமியாவின் அதே அதிகாரத்தில் அடுத்த இரண்டு வசனங்களை வாசித்துப் பாருங்கள். அழுகையை நிறுத்து என்று ஆண்டவர் இராகேலிடம் சொல்கிறார். ஆனால் காரணமும் சொல்லித்தான் அப்படிச் சொல்கிறார். உன் பிள்ளைகள் பகைவரின் நாட்டிலிருந்து திரும்பி வருவார்கள், உன் எதிர்காலத்துக்கு நம்பிக்கை உண்டு என்கிறார். புதிய உடன்படிக்கை பற்றிய வாக்கும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது (31:31). மறைநூலை நன்கு அறிந்தவர்களுக்கு ஒரு வரியைச் சொன்னால் அடுத்த வரி தானாக நினைவுக்கு வரும். ஆனால் மத்தேயு அந்த நம்பிக்கையை அந்த இடத்தில் அவசரமாக எழுதவில்லை.

பலர் மனத்தில் இன்னொரு கேள்வியும் இருக்கும். ஒரு குழந்தையை மட்டும் எச்சரித்துக் காப்பாற்றிய கடவுள், மற்றக் குழந்தைகளை ஏன் காப்பாற்றவில்லை? மத்தேயு இதற்கு விளக்கம் தரவில்லை. நானும் தர முயலப் போவதில்லை. ஆனால் நற்செய்தியை முடிவு வரை வாசித்தால் ஒன்று தெரிகிறது. அன்று தப்பிய அந்தக் குழந்தை என்றென்றைக்கும் தப்பிக்கவில்லை. வளர்ந்தபின் அதே நாட்டில், ஆட்சியாளர்கள் கையில், குற்றமற்றவராக இறந்தார். அவர் தாயும் அழுதார். பெத்லகேமின் குழந்தைகளை விட்டு ஓடியவராக அல்ல, அவர்களிடமே திரும்பி வந்து சேர்ந்தவராக இயேசு இறந்தார். மூன்றாம் நாள் தந்தை அவரை உயிர்த்தெழச் செய்தார். பிள்ளைகள் திரும்பி வருவார்கள் என்று இராகேலுக்குத் தந்த வாக்குக்கு நமக்குள்ள அடையாளம் அந்தக் காலியான கல்லறைதான்.

எறியவும் கூடாது, பறிக்கவும் கூடாது

இப்படி வாசிக்கக் கற்ற திருச்சபை, பின்னர் இரண்டு பக்கமும் வழுக்கியதுண்டு. 2ஆம் நூற்றாண்டில் மார்சியோன் என்பவர், யூதர்களின் கடவுள் வேறு, இயேசுவின் தந்தை வேறு என்று சொல்லி, பழைய ஏற்பாட்டையே தூக்கி எறியச் சொன்னார். சுமார் கி.பி. 144இல் உரோமைத் திருச்சபை அவரை விலக்கியது. எறிந்திருந்தால் இராகேலின் குரல் நமக்குக் கேட்டிருக்காது.

மறுபக்கம், அதே நூற்றாண்டில் வாழ்ந்த மறைச்சாட்சி புனித யுஸ்தீன், திரிப்போ என்ற யூதரோடு உரையாடும் தம் நூலில், இந்த மறைநூல்கள் உங்களுடையவை, இல்லை, உங்களுடையவை அல்ல, எங்களுடையவை என்ற பொருளில் பேசுகிறார். புனிதர்தான், கிறிஸ்துவுக்காக உயிர் கொடுத்தவர்தான். ஆனாலும் இத்தகைய பேச்சு பிற்காலத்தில் கசப்பாக வளர்ந்து, யூத மக்களை இகழவும் துன்புறுத்தவும் கிறிஸ்தவர்களுக்குச் சாக்காகப் பயன்பட்டது. இராகேல் யூதர்களின் தாய் என்பதையும், பெத்லகேமில் இறந்தவர்கள் யூதக் குழந்தைகள் என்பதையும் மறந்துவிட்டார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட அறிக்கையில், யூதர்களைக் கடவுளால் தள்ளப்பட்டவர்கள் என்றோ சபிக்கப்பட்டவர்கள் என்றோ காட்டக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. அதே ஆண்டு நவம்பர் 18 அன்று வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய கொள்கை விளக்கத்தில், பழைய ஏற்பாட்டு நூல்களைக் கிறிஸ்தவர்கள் வணக்கத்தோடு ஏற்க வேண்டும் என்று கற்பித்தது. 2001இல் திருத்தந்தையின் விவிலிய ஆணைக்குழு, யூதர்கள் தங்கள் மறைநூலை வாசிக்கும் முறையிலிருந்து கிறிஸ்தவர்கள் கற்றுக்கொள்ளலாம் என்று எழுதியது.

அந்தச் சகோதரிக்கும், கேள்வி கேட்ட மாணவனுக்கும் என் பதில் இதுதான். தம்பி, ஓசேயா மெசியாவைக் கணித்து எழுதவில்லை. வழிதவறிப் போன மகனை விட்டுவிட மனமில்லாத தந்தையைப் பற்றி எழுதினார். அந்தத் தந்தையின் மனம் இயேசுவில் எப்படி நிறைவாக வெளிப்பட்டது என்பதை மத்தேயு கண்டார். எனவே ஓசேயாவை முழுவதும் வாசி. அப்போதுதான் மத்தேயு உனக்குப் புரிவார்.

மற்றவர்களுக்கு இரண்டு வேண்டுகோள்கள். இந்த வாரம் குடும்பச் செபத்தில் ஓசேயா 11ஆம் அதிகாரத்தையும் எரேமியா 31ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். உங்கள் தெருவில் பிள்ளையை இழந்த வீடு ஒன்று இருந்தால், கிறிஸ்து பிறப்பின் மகிழ்ச்சி எட்டாத அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வாருங்கள். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். பிள்ளையின் பெயரைச் சொல்லி, சற்று நேரம் கூட உட்கார்ந்திருங்கள்.

செபிப்போம். அன்புத் தந்தையே, இராகேலின் அழுகையை உமது வார்த்தையில் காத்து வைத்தீரே. பிள்ளைகளை இழந்த எல்லாப் பெற்றோரையும் நினைவுகூரும். உம் மக்களான இஸ்ரயேலருக்கு நீர் தந்த மறைநூலை நன்றியோடு வாசிக்க எங்களுக்குக் கற்றுத் தாரும். அழுகிறவர்கள் அருகில் அமைதியாக நிற்கும் துணிவை எங்களுக்குத் தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.